ஒரு கையெழுத்துக்குப் பதினான்கு நாள்

"மேடம், நீங்க தப்பா நினைக்கக் கூடாது" என்றார் வரதராஜன் சார்.

இப்படி ஆரம்பிக்கிறவர்கள் அடுத்துச் சொல்லப்போவதைத் தப்பாக நினைக்காமல் இருக்க வழியே இருக்காது என்பது என் அனுபவம்.

ஊரப்பாக்கத்தில் எங்கள் அடுக்ககத்தின் சங்க அறை தரைத்தளத்தில், மோட்டார் அறையை ஒட்டி இருக்கிறது. மோட்டார் ஓடினால் மேசை லேசாக நடுங்கும். மேசைமேல் ஒரு ரப்பர் முத்திரை, நீல மை ஊறிய ஸ்டாம்ப் பேட், பினாயில் வாசனை வீசும் ஒரு பழைய துணி. வரதராஜன் சார் எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். மத்திய அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர். நான் நீட்டிய தாளை அவர் கையில் வாங்கவில்லை. மேசைமேல் வைக்கச் சொன்னார். கண்ணாடியை இறக்கிக்கொண்டு, இரண்டு கைகளையும் மடியில் வைத்தபடி, தொடாமலே படித்தார்.

தாளில் இருந்தது மூன்றே வரி. எஸ்-2 எண் வீடு ஜெயசீலி சாமுவேலுக்கு, அதாவது எனக்கு, சொந்தமானது. அந்த வீட்டின் மின் இணைப்பு எண் இன்னது. இணைப்பு இன்னும் கட்டுநரின் பெயரிலேயே இருக்கிறது.

"இதுல ஏதாவது பொய் இருக்கா சார்?"

"பொய் இல்ல மேடம். ஆனா கையெழுத்துன்னு ஒண்ணு போட்டுட்டா நாளைக்கு என்னைத்தானே கேப்பாங்க?"

"யாரு கேப்பாங்க?"

"யாராவது."

அந்த யாராவதை நான் ஏறக்குறைய முப்பது வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன். அவரால் இந்த ஊரில் நடக்காமல் போன காரியங்கள் ஏராளம். ஒரு முறையாவது நேரில் பார்த்தால் இரண்டு வார்த்தை கேட்க வேண்டும்.

டைரியில் அன்றைய பக்கத்தின் தலைப்பில் 'ஐந்தாம் நாள்' என்று எழுதியிருக்கிறேன். எதிலிருந்து ஐந்தாவது என்று சொல்லிவிடுகிறேன்.

மேல் வீட்டுக்கு வந்தவர்கள்

எங்களுக்கு இந்த அடுக்ககத்தில் இரண்டு வீடுகள். முதல் மாடியில் நானும் என் கணவரும் இருக்கிறோம். இரண்டாம் மாடியில் இருக்கும் எஸ்-2 வீட்டை என் கணவரின் தங்கை குடும்பத்துக்காக வாங்கினோம். அவர்கள் மேடவாக்கத்துக்குக் குடிபோன பிறகு வாடகைக்கு விடுகிறோம்.

ஒரு ஜூன் மாதம், செவ்வாய்க்கிழமை காலை, ஹிவோத் வந்தார். எத்தியோப்பியப் பெண், அங்கே ஒரு மலைநகரத்தில் கணித விரிவுரையாளர். நாற்பது வயது. காட்டாங்குளத்தூர்ப் பக்கம் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தார். கூடவே ஒன்பது வயது மகள், சாரோன். அவள் அப்பா இறந்து மூன்று வருடம். பெரிய பெட்டிகள் இரண்டு, ஒரு மண் ஜாடி. ஜாடியைச் சாரோன் விமானத்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தாளாம்.

"சாரோனா? நம்ம பைபிள் பேராச்சே" என்றார் என் கணவர். அவருக்கு அத்துடன் குடிவந்தவரைப் பற்றிய விசாரணை முடிந்துவிட்டது.

எனக்கு முடியவில்லை. நான் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளியின் அலுவலகக் கண்காணிப்பாளர். தாள் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். வெளிநாட்டவரை வீட்டில் வைத்தால், வந்து இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் வீட்டுக்காரர் இணையத்தில் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். அன்று மாலையே நிரப்பினேன். அவர்களும் வந்து பதினான்கு நாட்களுக்குள் தங்கள் இருப்பிடத்தைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். கடவுச்சீட்டு, விசா, பல்கலைக்கழகத்தின் கடிதம், வாடகை ஒப்பந்தம், வீட்டின் மின்கட்டண ரசீது. மூன்றாம் நாள் நானும் ஹிவோத்தும் என் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஏற்றினோம். சாரோன் பக்கத்தில் உட்கார்ந்து மிக்சரில் கடலையை மட்டும் பொறுக்கித் தின்றாள்.

ஹிவோத் ஒரு விஷயத்தை அன்றுதான் சொன்னார். நாங்கள் பேசுவது ஆங்கிலத்தில், தமிழில் தருகிறேன்.

"இந்தப் பதிவு முடிந்தால்தான் நான் வெளியே தங்கலாம் என்று துறையில் சொல்கிறார்கள். இல்லையென்றால் மகளிர் விடுதிக்குப் போக வேண்டும்."

"விடுதியில் சாரோனைச் சேர்த்துக்கொள்வார்களா?"

"குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. எங்கள் ஊர் ஆசிரியை ஒருத்தி படிப்பு முடிந்து, நாங்கள் வந்த பதினைந்தாம் நாள் திரும்புகிறாள். அப்படி ஆனால் அவளோடு அனுப்ப வேண்டியதுதான். என் அம்மாவிடம்."

இதைச் சொல்லும்போது அவர் மகளைப் பார்க்கவில்லை. மகளும் கடலை பொறுக்குவதை நிறுத்தவில்லை. ஆனால் காது எங்கே இருந்தது என்று எனக்குத் தெரிந்தது.

பதினான்கு வருட ரசீதுகள்

நான்காம் நாள் மாலை வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. மின்கட்டண ரசீதில் உள்ள பெயரும் வீட்டு உரிமையாளர் பெயரும் வெவ்வேறாக இருக்கின்றன. உரிமையாளர் பெயரில் ரசீதோ, குடியிருப்போர் சங்கத்தின் கடிதமோ இணைக்கவும். கேட்டது நியாயம். நானாக இருந்தாலும் கேட்டிருப்பேன்.

அலமாரியைத் திறந்தேன். எஸ்-2 வீட்டுக்கு ஒரு கோப்பு இருக்கிறது. முதல் பக்கத்தில் அட்டவணை, பிறகு கிரயப் பத்திரத்தின் நகல், வீட்டு வரி, கடைசியில் மின்கட்டணம். இரண்டு மாதத்துக்கு ஒன்று என்று பதினான்கு வருட ரசீதுகள், ஒன்றுகூடக் குறையாமல், துளை போட்டு, வரிசையாக. ஒவ்வொன்றிலும் பெயர்: கோதண்டபாணி.

கோதண்டபாணி இந்தக் கட்டடத்தைக் கட்டியவர். வெள்ளைச் சட்டை, ஸ்கூட்டரின் முன்னால் மாதிரிக்கு ஒரு செங்கல். வீடுகளை விற்றார், சாவி கொடுத்தார், இனிப்பும் கொடுத்தார். சில வருடங்களில் இறந்தும் போனார். நாங்கள் பதினெட்டு வீட்டுக்காரர்களும் அவர் பெயரில் இன்றுவரை தவணை தவறாமல் மின்கட்டணம் கட்டிக்கொண்டிருக்கிறோம். உயிரோடு இருக்கிற எத்தனை பேருக்கு இவ்வளவு ஒழுங்கான கணக்கு இருக்கும் என்று தெரியவில்லை.

பெயர் மாற்ற வேண்டும் என்று வாங்கிய வருடமே டைரியில் குறித்திருக்கிறேன். அடுத்த வருடமும் குறித்திருக்கிறேன். 'அதெல்லாம் அலைய விடுவாங்க ஜெயா, அவர் கையெழுத்து கேப்பாங்க, வாரிசு கையெழுத்து கேப்பாங்க' என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். விட்டுவிட்டேன். ஒழுங்கானவள் என்று பள்ளியிலும் தேவாலயத்திலும் பெயர் எடுத்தவள், ஒரு தப்பை எண்பத்துநான்கு முறை துளை போட்டு அடுக்கி வைத்திருந்தேன்.

அதனால்தான் ஐந்தாம் நாள் காலை அந்த மூன்று வரித் தாளோடு சங்க அறைக்குப் போனேன். அதனால்தான் வரதராஜன் சார் அதைத் தொடாமல் படித்தார்.

மண்ணெண்ணெய் அடுப்பு

என் கோபத்துக்கு வயது அதிகம். அதைச் சொல்லாமல் இந்தக் கதையை மேலே நடத்த முடியாது.

கல்யாணமான புதிதில் மேற்குத் தாம்பரத்தில் ஒரு போர்ஷனில் குடியிருந்தோம். ஒரு அறை, ஒரு சமையலறை, குளியலறைக்குப் போகக் குடை தேவை. வீட்டுக்காரர் நல்ல மனிதர். கிறிஸ்துமஸுக்கு நாங்கள் கொடுத்த கேக்கைச் சாப்பிட்டவர், அவர்கள் வீட்டுப் பொங்கலை எங்களுக்குக் கொடுத்தவர். எரிவாயு இணைப்பு வாங்க அவரிடம் ஒரு கடிதம் கேட்டோம். 'இவர்கள் என் வீட்டில் குடியிருக்கிறார்கள்.' ஒரு வரி.

"நீங்க எப்ப வேணா வாங்க, உக்காருங்க, காபி குடிங்க. பேப்பர்ல மட்டும் என்னைக் கேக்காதீங்கம்மா. கையெழுத்து போட்டா வீடு போயிடும்" என்றார்.

எங்கே போகும் என்று கேட்க அப்போது எனக்கு வயதில்லை.

பதினோரு மாதம் மண்ணெண்ணெய் அடுப்பில் சமைத்தேன். திரியை எவ்வளவு கத்தரித்தாலும் கரி. என் கணவரின் வெள்ளைச் சட்டைகள் மெல்ல மெல்லச் சாம்பல் நிறமாயின. சோற்றில் அந்த வாசனை இருக்கும். ஜெபம் பண்ணிவிட்டுச் சாப்பிடும்போதும் இருக்கும். மாதம் பிறந்தால் வீட்டுக்காரர் வாடகையை எண்ணி வாங்கிக்கொள்வார். நாங்கள் அங்கே குடியிருக்கிறோம் என்பதில் அந்த ஒரு நாள் மட்டும் அவருக்குச் சந்தேகம் வராது.

இது அந்த ஒருவரின் குணமில்லை. எங்கள் பக்கம் வீடு தேடியவர்களுக்குத் தெரியும். ஆதார், வேலை அட்டை, சொந்த ஊர், என்ன ஆட்கள், என்ன சாப்பிடுவீர்கள், யார் யார் வந்து போவார்கள் எல்லாம் கேட்பார்கள். சிலர் கல்யாண ஆல்பம்கூடக் கேட்பார்கள். குடிவருகிறவர் தன்னைப் பற்றிய அத்தனை தாளையும் கொடுக்க வேண்டும். பதிலுக்கு அவர் ஒரு தாள் கேட்டால் அது திருட்டுக்குத் திட்டம். தாம்பரத்திலிருந்து கேளம்பாக்கம் வரை இந்த வழக்கத்தை எழுதி வைத்தவர் யாருமில்லை. மீறுகிறவரும் யாருமில்லை.

என்றாவது வாடகைக்கு விட ஒரு வீடு எனக்கு இருந்தால், கேட்ட தாளில் கையெழுத்துப் போடுவேன் என்று அந்த அடுப்பின் முன்னால் தீர்மானித்தேன். இருபத்தேழு வருடம் கழித்து வீடும் இருந்தது, கையெழுத்தும் இருந்தது. ரசீதில் பெயர்தான் இல்லை.

கேட்காமல் கிடைத்த ஐந்து

ஆறாம் நாள் ஞாயிறு. ஆராதனை முடிந்து வந்தபோது கதவின் இடுக்கில் ஒரு தாள் செருகியிருந்தது. சங்கத்துக்கு எழுதப்பட்ட புகாரின் நகல். எஸ்-2 வீட்டைப் பற்றி மூன்று குறைகள்.

ஒன்று, நேரங்கெட்ட நேரத்தில் புகை வருகிறது. இரண்டு, முன்பின் தெரியாதவர்கள் வந்து போகிறார்கள். மூன்று, குடியிருப்பில் குழந்தைகளின் பாதுகாப்பு.

புகை என்பது சனிக்கிழமை மாலை நாலேகால் மணிக்கு ஹிவோத் இரும்புச் சட்டியில் பச்சைக் காபிக்கொட்டை வறுத்தது. நானே மேலே போய் அந்த மண் ஜாடியிலிருந்து ஊற்றிய காபியைக் குடித்துவிட்டு வந்தேன். முன்பின் தெரியாதவர்கள் என்பது பன்மையில் ஒரு பெண்மணி. ஊர் திரும்பப்போகிற அந்த ஆசிரியை. குழந்தைகளின் பாதுகாப்பு பற்றி: அந்த வீட்டில் இருந்ததே ஒரு குழந்தைதான். அவள் பாதுகாப்பைப் பற்றி அவர்கள் எழுதியதாகத் தெரியவில்லை.

கீழே ஐந்து கையெழுத்துகள். தெளிவாக, வீட்டு எண்ணோடு, தேதியோடு.

உண்மையை எழுதிய தாளுக்கு ஒரு கையெழுத்துக் கிடைக்கவில்லை. இதற்கு ஐந்து, யாரும் கேட்காமலே. நாளைக்கு யாராவது கேட்பார்களே என்ற பயம் இந்த ஐந்து பேருக்கும் ஏன் வரவில்லை?

"அது வேற மேடம்"

மாலை ஐந்து மணிக்குச் சங்கக் கூட்டம். கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள். தண்ணீர் லாரி வந்து நின்றதால் பாதிப் பேச்சு காதில் விழவில்லை. விழுந்த வரைக்கும் டைரியில் இருக்கிறது.

"தனிப்பட்ட முறையில எனக்கு ஒண்ணும் இல்ல மேடம்" என்றார் வரதராஜன் சார். "எல்லாரும் சம்மதிச்சா போடறேன். ஒருத்தர் ஆட்சேபிச்சாலும் எப்படிப் போடறது?"

"சார், வீடு யாருதுன்னுதான் கேக்கறேன். அதுக்கு எதுக்கு ஓட்டு?"

"ஃபாரினர்னா பின்னாடி பல பிரச்சனை வரும்."

"உங்க பையன் எங்க இருக்கான் சார்?"

அவர் மகன் ஆஸ்திரேலியாவில் இருக்கிறான். போன புதிதில் ஒரு கிழவரின் வீட்டில் மாடியறை கிடைத்ததையும், வங்கிக் கணக்குத் தொடங்க அந்தக் கிழவரே காரில் கூட்டிக்கொண்டு போய் ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்ததையும் இதே இடத்தில், இதே நாற்காலியில் உட்கார்ந்து எங்கள் எல்லோருக்கும் சொன்னவர் வரதராஜன் சார்தான். வெள்ளைக்காரனுக்கு என்ன பெருந்தன்மை பாருங்கள் என்று சொன்னார். கண்கூடக் கலங்கியது.

அதை நினைவுபடுத்தினேன்.

"அது வேற மேடம்" என்றார்.

"எப்படி வேற?"

"அவன் படிச்ச பையன்."

"மேல இருக்கறவங்க காலேஜ்ல கணக்குச் சொல்லிக் கொடுக்கறவங்க சார்."

லாரிக்காரன் மோட்டாரை நிறுத்தினான். அடுத்த பொருளாக மாடியில் துணி காயப்போடுவது பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

படியேறப் போனபோது காவலாளி ஏழுமலை, லாரிக் கணக்கு நோட்டை மடித்தபடி கேட்டார்.

"இன்னா மேடம் இது, வூடு உங்களுது, கரண்டு பில்லு கட்றது நீங்கோ. இதுக்கு அவுரு கையெழுத்து இன்னாத்துக்கு?"

"பில்லுல என் பேர் இல்லையே ஏழுமலை."

"அப்ப பேரை மாத்து. இவுங்ககிட்ட வந்து தொங்கிக்கினு கீறியே மேடம்." உடனே கொஞ்சம் சங்கடப்பட்டு, "கோச்சுக்காதீங்கோ. அந்தப் பாப்பாதான் இப்ப லாரி நம்பரெல்லாம் எனக்குப் பட்ச்சி சொல்லுது. அது கீறவரைக்கும் நான் கண்ணாடி வாங்க வேணாம்னு கீறேன்" என்றார்.

பதினெட்டு வீட்டில் சரியான யோசனை சொன்ன ஒரே ஆள் அங்கே வீடு இல்லாதவர்.

நான்கு நாள் வேலை

ஏழாம் நாள், திங்கட்கிழமை. பள்ளிக்கு அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்குப் போனேன். கோப்போடு, கூடவே தண்ணீர் பாட்டில், பிஸ்கட், ஒரு வாரம் அலையத் தயாரான மனதோடு. ஜன்னலுக்குப் பின்னால் ஒரு பெண். ஜடையில் மல்லிகை, கழுத்தைச் சுற்றி அலுவலக அட்டை.

"பத்திரம் இருக்கா?"

"இருக்கு."

"வீட்டு வரி ரசீது?"

"இருக்கு. ஆனா பழைய ஓனர் கையெழுத்து..."

"அவர் எங்க?"

"இறந்துட்டார்."

"அப்புறம் எப்படிப் போடுவாரு?" என்று சிரிக்காமல் கேட்டார். "நீங்க ஒரு உறுதிமொழி எழுதிக் குடுங்க போதும். எத்தனை வருஷம் ஆச்சு வாங்கி?"

"பதினாலு."

"ஏன்க்கா அப்பவே வரல?"

"அலைய விடுவாங்கன்னு சொன்னாங்க."

"யாரு? நாங்களா?"

என்ன சொல்வது. யாராவது என்றா? கோப்பை ஜன்னல் வழியாக நீட்டினேன். அவர் என் தாள்களைப் புரட்டிவிட்டு, "எல்லாரும் இப்படி அடுக்கிக் கொண்டாந்தா எங்களுக்கு வேலையே இல்லக்கா" என்றார். வேறு நாளாக இருந்தால் அந்தப் பாராட்டை அப்படியே டைரியில் எழுதியிருப்பேன். அன்று உடம்பு கூசியது.

பத்தாம் நாள், வியாழக்கிழமை காலை பத்தரை மணிக்குக் கைப்பேசியில் செய்தி வந்தது. பெயர் மாறிவிட்டது. நான்கு நாள். பதினான்கு வருடமாகப் பயந்து தள்ளிப்போட்ட வேலை நான்கு நாளில் முடிந்தது. அந்தப் பயத்துக்காக ஒரு குழந்தையை விமானம் ஏற்றி அனுப்பப் பார்த்தோம்.

இதற்குள் மேல் வீட்டில் என்ன நடந்தது என்பதையும் எழுத வேண்டும். ஒன்பதாம் நாள் மாலை மேலே போனேன். கட்டிலின் மேல் சாரோனின் துணிகள் இரண்டு அடுக்காக இருந்தன.

"இது இங்கே இருக்க. இது எடுத்துப் போக" என்றார் ஹிவோத். "ஒருவேளை என்றால், கடைசி நேரத்தில் தேடக் கூடாது."

எடுத்துப் போகும் அடுக்கு பெரிதாக இருந்தது. கம்பளிச் சட்டைகள் அதில்தான் இருந்தன. எங்கள் ஊருக்கு அவை எதற்கு. நான் எதையும் ஒழுங்காக அடுக்கி வைத்திருப்பதைப் பார்த்தால் சந்தோஷப்படுகிறவள். அந்த இரண்டு அடுக்குகளையும் கலைத்துப் போட வேண்டும் போல் இருந்தது.

"நீங்கள் எங்களால் உங்கள் அண்டை வீட்டாரோடு சண்டை போட வேண்டாம்" என்றார். "கஷ்டம் என்றால் சொல்லுங்கள். நான் வேறு ஏற்பாடு பார்க்கிறேன்." வந்ததிலிருந்து இந்த வாக்கியத்தை அவர் வங்கியில் சொன்னதைக் கேட்டிருக்கிறேன். சிம் கார்டு கடையில், பால்காரரிடம், ஆட்டோக்காரரிடம் சொன்னதையும் கேட்டிருக்கிறேன். புது நாட்டில் அவர் முதலில் கற்றுக்கொண்டது இதுதான். யாரும் மறுக்கும் முன்பே, மறுக்க அவர்களுக்கு வசதி செய்து கொடுப்பது.

பதினோராம் நாள் புதிய ரசீதை ஏற்றினோம். பன்னிரண்டும் பதின்மூன்றும் சனி, ஞாயிறு. அந்த ஆசிரியை மேலே வந்து, சாரோனின் பெட்டிக்கு எத்தனை கிலோ இடம் விடலாம் என்று விசாரித்துவிட்டுப் போனார்.

பதினான்காம் நாள் திங்கட்கிழமை. பள்ளியில் என் மேசையில் மாற்றுச் சான்றிதழ்களைச் சரிபார்த்துக்கொண்டிருந்தேன். பதினொன்று இருபதுக்கு ஹிவோத்திடமிருந்து படம் வந்தது. இருப்பிடப் பதிவுச் சான்று. பெயர், புகைப்படம், கீழே எங்கள் முகவரி. எஸ்-2, ஊரப்பாக்கம். எழுத்துப் பிழை இல்லை. மூன்று முறை படித்தேன்.

மாலை தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறுமுன் பிளாட்பாரக் கடையில் நகல் எடுத்தேன். சங்கத்துக்கு ஒரு நகல் கொடுக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. இருந்தாலும் கொண்டுபோனேன். வரதராஜன் சார் சங்க அறையில் இருந்தார்.

"அங்க வச்சிட்டுப் போங்க மேடம்."

"கையில வாங்கிக்கோங்க சார்."

வாங்கினார். தாளைப் பிடித்த விதத்தில் அது ஈரமாக இருக்கிறதோ என்று எனக்கே சந்தேகம் வந்தது.

"கிடைச்சிடுச்சா? நல்லதாப் போச்சு. நான் அன்னைக்கே நினைச்சேன், நீங்க எப்படியும் முடிச்சிடுவீங்கன்னு" என்றார். சங்கடமில்லாமல் சொன்னார். உண்மையிலேயே அப்படித்தான் நினைக்கிறார் என்று தோன்றியது. அதைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. கெட்ட எண்ணம் இருந்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

பள்ளிப் படிவம்

அன்று மாலை ஏழு மணிக்கு ஹிவோத்தும் சாரோனும் கீழே வந்தார்கள். கூடுவாஞ்சேரியில் ஒரு பள்ளியில் நான்காம் வகுப்புக்கு இடம் சொல்லியிருந்தார்கள். பதிவுச் சான்று வந்தால் சேர்த்துக்கொள்வதாகச் சொன்ன பள்ளி. இப்போது படிவத்தை நிரப்ப வேண்டும். எல்லாக் கட்டமும் நிரம்பியிருந்தது. ஹிவோத்தின் எழுத்து கணிதக்காரரின் எழுத்து. ஒவ்வொன்றும் தனித்தனியாக நின்றது.

கடைசிப் பக்கத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தது. உள்ளூர்ப் பாதுகாவலர். பெயர், முகவரி, மாணவிக்கு என்ன உறவு, கையெழுத்து.

கட்டத்துக்குக் கீழே சிறிய எழுத்தில் நான்கு வரி. பெற்றோரைத் தொடர்புகொள்ள முடியாத நேரத்தில் மாணவியின் உடல்நலம், பாதுகாப்பு, நடத்தை அனைத்துக்கும் கீழே கையெழுத்திட்டவரே பொறுப்பு.

படித்தேன். மறுபடி படித்தேன். வேனில் போகும்போது ஏதாவது ஆனால். காய்ச்சல் வந்து, ஹிவோத் பல்கலைக்கழகத்தில் இருந்தால். விசாவில் ஏதாவது சிக்கல் வந்து காவல் நிலையத்திலிருந்து கூப்பிட்டால். என் கணவர் என்ன சொல்வார். இதற்கெல்லாம் ஒரு வழக்கறிஞரிடம் கேட்பது நல்லதோ. பேனா கையில் இருந்தது. மூடி திறக்கவில்லை.

எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியும். சுவரில் எதிரே கடிகாரம் இருந்தது. அரை நிமிடத்துக்குச் சற்று மேல்.

"கஷ்டம் என்றால் சொல்லுங்கள்" என்றார் ஹிவோத், மெல்ல, எந்தக் குறையும் இல்லாத குரலில். "நான் வேறு ஏற்பாடு பார்க்கிறேன்."

பதினான்கு நாளில் முதல் முறையாக அதை என் தயக்கத்தைப் பார்த்துச் சொன்னார். அதுவரை நான் கேட்டுக் கொதித்ததெல்லாம் மற்றவர்களின் தயக்கத்துக்காகச் சொன்னது.

பேனாவைத் திறந்து பெயர் எழுதினேன், முகவரி எழுதினேன், கையெழுத்துப் போட்டேன். கை வேகமாகப் போனதில் தேதியை எழுத மறந்து, திரும்ப வாங்கி எழுதினேன். அன்றைய டைரியில் 'சாரோன் பள்ளிப் படிவம், கையெழுத்து, மாலை 7.10' என்று மட்டும் இருக்கிறது. அந்த அரை நிமிடத்தை எழுதவில்லை. இங்கே எழுதிவிட்டேன்.

உறவு என்ற கட்டம் மட்டும் காலியாக இருந்தது. என்ன போடுவது என்று நானும் ஹிவோத்தும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். வீட்டு உரிமையாளர் என்பது உறவில்லை. தோழி என்றால் பள்ளியில் ஏற்க மாட்டார்கள். எனக்குத் தெரியும், இருபத்தாறு வருடமாக என் மேசைக்கு வந்த இப்படிப்பட்ட படிவங்களைச் சிவப்பு மையால் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பியவள் நான்.

சாரோன் என் கையிலிருந்து பேனாவை வாங்கினாள். நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு, ஆங்கிலத்தில், கட்டம் நிறைய, பெரிய எழுத்தில் எழுதினாள்: 'கீழ் வீடு.'

நான் திருத்தவில்லை.